அதுக்கு என்ன ஜோசியமா தெரியும்?

காரைக்குடியில, தரையில பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லு விக்கிற கடையில கணக்கு எழுதுறேன். எங்க முதலாளி இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் ஏஐ-யைத்தான் திட்டுறார். "மண்ணாங்கட்டி! ஒண்ணுந் தெரியல அதுக்கு!"

பெங்களூர்ப் பார்ட்டி ஒருத்தர், கல்லுக்குக் கல்லு நிறம் லேசா மாறுதுன்னு மெயில் போட்டிருந்தார். முதலாளி ஏஐ-கிட்ட அடிச்சது இதுதான்: "டைல்ஸ் கம்ப்ளைண்ட், பதில் போடு." யாரு, என்ன குறை, நம்ம பக்கத்து நியாயம் என்ன, ஒரு வார்த்தை கிடையாது. அதுவும் பவ்யமா எழுதிக் குடுத்துச்சு: "சூளையில் சுடும்போது ஏற்பட்ட தவறுக்கு வருந்துகிறோம், முழுத்தொகையையும் திருப்பித் தருகிறோம்."

சூளையாவது, சுடுறதாவது! கண்ணாடி மேல அச்சை வச்சு, கலர் சிமெண்டைக் கையால ஊத்தி, தண்ணியில ஊறப்போட்டுக் காய வைக்கிற கல்லு. நெருப்பே படாது. கைவேலைங்கிறதாலதான் நிறம் முன்னப்பின்ன இருக்கும். இதைச் சொன்னாத்தானே அதுக்குத் தெரியும்?

எங்ககிட்டயும் இதே கதைதான். "அந்தக் கல்லை அவருக்கு அனுப்பிடு"ம்பார். எந்தக் கல்லு, எவருக்கு? திருப்பிக் கேட்டா, "இத்தனை வருசமா இருக்க, இதுகூடத் தெரியாதா?" வாங்கிக் கட்டிக்கிட்டு, டிரைவர், மேஸ்திரின்னு நாலு பேரை விசாரிச்சு நாங்களே கண்டுபிடிச்சு அனுப்புவோம். ஏஐ-க்கு அந்தத் தலையெழுத்து இல்ல. தெரியாததை இட்டுக்கட்டி எழுதிட்டுப் போயிடும்.

அதட்டல் வேற. சதுர அடிக் கணக்கைச் சரியாத்தான் போட்டிருந்துச்சு. "தப்பு!"ன்னார். உடனே மன்னிப்புக் கேட்டு, சரியா இருந்ததைத் தப்பா மாத்திடுச்சு. முதலாளிக்குப் பரம சந்தோசம். ரொம்ப ஜால்ரா அடிக்குதுன்னு 2025 ஏப்ரல்ல ஜிபிடி-4ஓங்கிற ஏஐ-யோட அப்டேட் ஒண்ணை, அதைச் செஞ்ச ஓப்பன்ஏஐ கம்பெனியே வாபஸ் வாங்குச்சு. எங்க கடையில ஜால்ரா தெரியாதவனுக்கு வேலையே கிடையாது!

ஆனா முதலாளி வீட்டு ஆச்சி இருக்காகளே, அதே போன்ல அதே ஏஐ-கிட்டதான் பேசுறாக. "அறுபதாங் கல்யாணச் சாந்திக்கு அறுபது பேரு வர்றாகப்பா. பலகாரத்துக்கு மணகோலம், சீப்புச்சீடை போடணும். பாதிப் பேருக்குச் சுகரு. புரியலைன்னா கேளு." அது ரெண்டு கேள்வி கேட்டுச்சு, பதில் சொன்னாக, பட்டியல் வந்துச்சு. "சீப்புச்சீடைக்கு வெல்லம் எதுக்குப்பா? அது உப்புப் பலகாரம்"னு ஒரே ஒரு திருத்தம். சத்தமே இல்ல. கல்யாணம் காச்சின்னா ஊரைக் கூட்டி வேலை வாங்கிப் பழகுன வாயி!

நேத்து முதலாளி, மாசாமாசம் காசு கட்டுற பெரிய பிளானுக்கு மாத்தச் சொல்லிட்டார். எதுக்குங்கிறீக? அதுல, அவர் மனசுல நினைக்கிறதை அப்படியே எழுதிக் குடுத்துடுமாம்ல!