எந்த பார்டரைத் தாண்டினேன்னு சொல்லுங்கண்ணே

நேத்து ஒருத்தர் போட்ட அந்த 'சத்திரம்' போஸ்ட்டும் அதுக்குக் கீழ நடந்த கூத்தும் எல்லாரும் பார்த்திருப்பீங்க. இப்ப டெலீட் பண்ணிட்டாரு, ஆனா எனக்கு இருபது பேர் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியாச்சு. 'இந்தியா ஒன்னும் சத்திரம் இல்ல'ங்கறது 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்ல சொன்னது. தண்டனை முடிச்ச ஒரு இலங்கைத் தமிழரை நாடு கடத்துற கேஸ், அந்த வழக்குக்குள்ள நான் போகல. ஆனா அந்த வரியை மட்டும் பிச்சு எடுத்து, மேல எங்க மண்டபம் இலங்கை அகதிகள் முகாம் போட்டோவை வச்சு, 'சட்டவிரோதக் குடியேறிகளே கிளம்புங்க'ன்னு எழுதி நாலு சிரிப்பு எமோஜி வேற. போட்டது யாரோ இல்ல. போன தை மாசம் அவர் வீட்டுக்கு பட்டி பார்த்து, ப்ரைமர் அடிச்சு, ரெண்டு கோட்டிங் எமல்ஷன் அடிச்சது நான்தான். அவங்கம்மா வேளா வேளைக்கு டீ போட்டுக் குடுத்தாங்க. அண்ணே, அப்பவே நான் முகாம்காரன்னு உங்களுக்குத் தெரியும்தானே?

ஒரே கேள்விதான். நான் எந்த பார்டரைத் தாண்டினேன்?

எங்கம்மா தாண்டினாங்க. இலங்கைல நடந்த 83 கலவரத்துக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, மன்னார்லேர்ந்து ராத்திரி வள்ளத்துல. விசா எடுக்கல, ஒத்துக்கறேன். அக்கா 86ல மண்டபத்துல பிறந்தா, நான் 90ல. குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன்னாடி இங்க பிறந்தவங்க, பெத்தவங்க எந்த நாடா இருந்தாலும், பிறப்பாலயே இந்தியர். அதுக்கப்புறம் பிறந்தா அப்பா அம்மாவுல ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். ஒரே வயித்துல பிறந்தோம், அக்கா உள்நாடு, நான் வெளிநாடு! அந்த அக்காவுக்கும் இன்னும் ஒன்னும் நடக்கல, பர்த் சர்டிபிகேட்ல அப்பா பேரு தப்பா இருக்கு, அதுக்கே மூணு வருஷமா அலையறா. அவளை மாதிரியே 86ல மண்டபத்துல பிறந்த ஒருத்தங்க ஹைகோர்ட் வரைக்கும் போய் பாஸ்போர்ட் வாங்கி 2024 தேர்தல்ல திருச்சில ஓட்டு போட்டாங்கல்ல, அந்த நியூஸ் வந்த பேப்பரை அக்கா மடிச்சு பீரோவுல வச்சிருக்கா.

சத்திரம்னு சொல்றீங்களே, சத்திரத்துல யாராவது தலை எண்ணுவாங்களா? 2016ல கோயம்புத்தூர்ல சாரத்து மேல நிக்கறேன், 'நாளைக்கு முகாம்ல தலை எண்ற செக்கிங்'னு போன். பெயிண்ட் கையோட ராத்திரி பஸ் ஏறி, காலைல ஆபீசர் முன்னாடி வரிசைல நின்னு, பேர் கூப்பிட்டதும் கையைத் தூக்கிட்டு மறுபடி பஸ். ரெண்டு நாள் கூலி போச்சு. நான் கையைத் தூக்கினது மொத்தம் மூணு செகண்ட் இருக்கும்.

உடனே ஒருத்தர் வருவாரு, எங்க வரிப்பணத்துலதானே சாப்பிடறீங்கன்னு. குடும்பத் தலைவருக்கு மாசம் 1500, மத்த பெரியவங்களுக்கு 1000, பிள்ளைங்களுக்கு 500, அதுவும் 2021ல கூட்டினது. வாங்கறோம். தமிழ்நாடு செஞ்சதை மறந்தா எனக்கு சோறு செரிக்காது, இதை எங்க வேணா சொல்லுவேன். ஆனா நான் வாங்கற சோப்புக்கும் பிரஷ்ஷுக்கும் ஜிஎஸ்டி என்ன அகதி ரேட்டுலயா போடறாங்க?

91ல ராஜீவ் காந்தி கொலை மறந்துபோச்சான்னு கேக்கறவங்களுக்கு: எனக்கு அப்ப ஒரு வயசு. இதுக்கு மேல பதில் கிடையாது.

அப்ப எல்லாரையும் உள்ள விட்டுடலாமான்னா, பார்டரே வேணாம்னு நான் எங்க சொன்னேன்? காவல் இருக்கட்டும், நல்லாவே இருக்கட்டும். ஆனா யார் அகதி, யார் திருட்டுத்தனமா வந்தவன்னு பிரிச்சுப் பாக்க இங்க ஒரு சட்டமே இல்லையே. 1951 அகதிகள் ஒப்பந்தத்துல இந்தியா கையெழுத்து போடல, தனியா அகதிச் சட்டமும் போடல. 2019ல சிஏஏங்கற குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்துச்சு, பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்னு மூணு நாட்டுலேர்ந்து வந்த முஸ்லிம் அல்லாதவங்களுக்குக் குடியுரிமை. ஆப்கானிஸ்தான் வரைக்கும் எட்டின கண்ணுக்கு தனுஷ்கோடிக்கு எதிர்ல இருக்கற தீவு தெரியல பாருங்க. 2025 செப்டம்பர்ல, 2015 ஜனவரி 9க்குள்ள வந்து பதிவு பண்ணின இலங்கைத் தமிழர் மேல பாஸ்போர்ட் விசா இல்லைன்னு கேஸ் வராதுன்னு உத்தரவு போட்டாங்க. சந்தோஷம். புடிச்சு உள்ள போட மாட்டோம்ங்கறதும் நீ இந்த ஊர்க்காரன்தான்ங்கறதும் ஒன்னா?

போர்தான் 2009லயே முடிஞ்சுதே, போக வேண்டியதுதானேங்கறது நியாயமான கேள்வி, கோவப்பட மாட்டேன். போனவங்க இருக்காங்க. 2025 மே மாசம் இங்கேர்ந்து முறையா பேப்பர் எல்லாம் போட்டு ஊர் திரும்பின ஒரு பெரியவரை யாழ்ப்பாணம் பலாலி ஏர்போர்ட்லயே புடிச்சாங்க, அந்தக் காலத்துல சட்டவிரோதமா நாட்டை விட்டுப் போனாராம். வந்ததும் தப்பு, போனதும் தப்பு. எனக்கு அங்க யாரைத் தெரியும் சொல்லுங்க? சின்ன வயசுல வெளிய கிளம்பறப்ப அம்மா சொல்லி அனுப்புவாங்க, 'வெளியில கதைக்காத, பேசு'ன்னு. எங்க வீட்டுத் தமிழ்ல கதைக்கிறதுன்னாதான் பேசுறது, பேசுறதுன்னா திட்டுறது. அவ்ளோ கவனமா உங்க தமிழைப் பழகினேன்ணே, இப்ப கனவு கூட இந்தத் தமிழ்லதான் வருது, நீங்க கிளம்புங்கறீங்க.

ராத்திரி அம்மா போனை வாங்கி ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்தாங்க. 'ஆர் உந்தப் பெடியன்? நீ பெயிண்ட் அடிச்ச வீட்டுக்காரனே?'

ஓம்னேன்.

'உனக்குத் தேத்தண்ணி தந்த மனுசியின்ர மகன் எல்லே?'

அதுக்கு நான் ஒன்னும் சொல்லல. சனிக்கிழமை செக்கிங் இருக்கு, கமெண்ட்டுக்கெல்லாம் பதில் லேட்டாத்தான் வரும்.