அந்த வீட்டில் அடுப்பே எரியாதா?

நேற்று ராத்திரி அந்த சீரியலில் வந்த காட்சியைப் பற்றி எழுதவே கூடாது என்று இருந்தேன். முடியவில்லை. கராச்சியில் ஒரு வீடு. ஆறு மாசமாக வருகிற அதே கிழவி, கண் நிறைய சுர்மா, கையில் தஸ்பி மணி. குண்டு வைக்கக் கிளம்பும் பேரனின் தலையில் கை வைத்து, சிரித்தபடி துஆ செய்து அனுப்புகிறாள்.

வில்லன் பாகிஸ்தான்காரனாகவே இருக்கட்டும். நான் அதைக் கேட்கவில்லை. அவன் வீட்டிலும் ரொட்டி சுடுவார்கள், பிள்ளையை அதட்டி ஸ்கூலுக்குக் கிளப்புவார்கள் என்று ஒரே ஒரு காட்சி வைக்கக் கூடாதா? அந்த வீட்டில் அடுப்பே எரியாதா?

"மும்பையை மறந்துட்டியா"ன்னு கமெண்டில் வருவீர்கள். மறக்கவில்லை. 2008இல் செத்த அந்த ஒன்பது பயங்கரவாதிகளை எங்கள் கபரஸ்தானில் அடக்க விடமாட்டோம் என்று சொன்னதே மும்பை முஸ்லிம்கள்தான். அதை ஒரு சீரியலிலும் நான் பார்த்ததில்லை. "அவங்க மட்டும் நம்மள நல்லவங்களாவா காட்டுறாங்க?" இல்லைதான். அங்கே ராணுவத்தின் ஊடகப் பிரிவே நாடகம் எடுக்கிறது. அதற்காக நாமுமா?

2014இல் ஜீ குழுமத்தின் ஜிந்தகி சேனலில் பாகிஸ்தான் நாடகங்கள் வந்தன. இந்தி தெரிந்த பக்கத்து வீட்டு மாமி ஒன்று விடாமல் பார்ப்பார். "அங்கயும் மாமியார் இப்படித்தான்டி படுத்தறா" என்பார். 2016இல் காஷ்மீரில் உரி ராணுவ முகாம் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். அடுப்பெரியும் வீட்டை மாமி பார்த்தது அந்த இரண்டு வருஷம்தான்.

இதே சென்னைதான். 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். அத்தாவோடு போயிருந்தேன். டெஸ்ட் மேட்ச். சச்சின் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். மைதானமே உறைந்துபோனது. பிறகு எங்கோ ஒரு கைதட்டல். வரிசை வரிசையாக ஜனம் எழுந்தது. வாசிம் அக்ரமும் அவர் ஆட்களும் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அத்தா உடனே எழவில்லை. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். சுற்றி எல்லோரும் நின்ற பிறகுதான் எழுந்து தட்டினார். ஏன் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

"கதைதானே, இதுக்கு ஏன் இவ்வளவு?" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் அம்மா பிறந்தது திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில். போன மாதம் பறக்கும் ரயிலில் தஸ்பி உருட்டியபடி வந்தார். எதிர் சீட்டில் நாலு வயசுக் குழந்தை, "அம்மா, பாகிஸ்தான் பாட்டி" என்று கை காட்டியது. குழந்தைமேல் எனக்குக் கோபமில்லை. அம்மாவும் அதைப் பார்த்துச் சிரித்தார்.

இப்போது ரயிலில் அவர் தஸ்பியை வெளியே எடுப்பதில்லை. கைப்பைக்குள் கையை விட்டுத்தான் உருட்டுகிறார்.