வழவழப்பான பீச் மரத்தை மட்டுமாவது விட்டுவையுங்கள்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வெள்ளை மலைக் காட்டுப் பாதையில் நடந்தபோது உடன் வந்த நண்பர், "பீச் மரம் அழிகிறது என்றீர்களே, திரும்பிய பக்கமெல்லாம் பீச் கன்றுகள்தானே நிற்கின்றன?" என்று கேட்டார். பீச் (beech) என்பது அந்தக் காடுகளில் கொட்டை தரும் பெரிய மரம். நியாயமான கேள்விதான், ஆனால் அந்த அடர்த்திதான் அதைத் தாக்கும் பட்டைநோயின் சுவடு.

1890 வாக்கில் ஐரோப்பாவிலிருந்து கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்கு ஒரு செதிள்பூச்சி வந்து சேர்ந்தது. இறக்கை கிடையாது; ஆண் இல்லாமலே பெருகும்; அதன் குஞ்சுகளைக் காற்றே மரத்துக்கு மரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். பட்டையில் அது விடும் வெள்ளைப் பஞ்சு, நம் வீட்டுச் செம்பருத்தியில் அப்பிக்கொள்ளும் மாவுப்பூச்சியைத்தான் நினைவூட்டும். பூச்சி உறிஞ்சிய இடங்களில் பட்டை நுண்ணியதாக வெடிக்க, அவ்வழியே நியோநெக்ட்ரியா பூஞ்சை உள்ளே இறங்குகிறது. அன்று ஒரு மரத்தின் அருகே குனிந்து பார்த்தோம். பட்டையின் மேல் குங்குமம் சிந்தியதுபோல் அந்தப் பூஞ்சையின் சிவப்புத் துகள்கள் தெரிந்தன. இத்தகைய மரம் இலை பசுமையாக இருக்கும்போதே நடுவில் முறிந்து விழுவதுண்டு.

பெரிய மரம் சாகச் சாக, அதன் வேர்களிலிருந்து கன்றுகள் கிளம்புகின்றன. மான்கள் மேப்பிள் கன்றுகளை விரும்பி மேய்ந்துவிட்டு பீச்சைப் பெரும்பாலும் விட்டுவிடுவதால், அவை புதராக மண்டி மற்ற மரங்களுக்கு இடமில்லாமல் செய்கின்றன. தாய்மரத்தின் பலவீனம் அப்படியே இவற்றுக்கும் உண்டு. ஓரளவு பருத்ததும் இவையும் புண்பட்டுவிடுகின்றன. கொட்டைகளை நம்பி மரமேறும் கருங்கரடிக்கு இந்தப் புதரால் என்ன பயன்?

எனவே பீச்சை ஒட்டுமொத்தமாக வெட்டி, களைக்கொல்லி தெளிக்க வேண்டும் என்று சொல்வோரின் சலிப்பு எனக்குப் புரிகிறது; புதரை அழிப்பதில் எனக்கு மறுப்பும் இல்லை. ஆனால் ஏறத்தாழ நூற்றில் ஒரு மரத்தில் இந்தப் பூச்சி ஒட்டுவதே இல்லை. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் ஒட்டுக்கட்டிப் பெருக்குவதும் இத்தகைய மரங்களைத்தான். அதையும் சேர்த்து வெட்டுவது விதைநெல்லைக் குத்தித் தின்பதற்குச் சமம்.

2012இல் ஓஹியோவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட, நூற்புழுவால் வரும் இலைநோய் இப்போது கிழக்கே பரவியிருக்கையில், பட்டைநோயைத் தாங்கும் மரத்தைக் காத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். இரண்டையும் தாங்கும் மரம் ஒன்று இருக்குமானால், அதை நிற்கும் மரங்களுக்குள்தானே தேட முடியும்? சாம்பல் நிறத்தில் வழவழப்பாக, கரடி நகத்தின் பழைய கீறல்கள் மட்டுமே உள்ள பட்டையைக் கண்டுபிடிக்கப் பெரிய பயிற்சி தேவையில்லை. கோடரி இறங்குவதற்கு முன் ஒரு நாள் காட்டைச் சுற்றி வந்து, அந்த மரங்களுக்கு வண்ணக்கோடு போட்டுவிட்டால் போதும்.