1994க்குப் பிறகும் மஹ்பூஸ் நண்பர்களைச் சந்தித்தார்

ஒரு நண்பர், 1994இல் தன்மீது நடந்த கத்திக்குத்துத் தாக்குதலுக்குப் பிறகு எகிப்திய எழுத்தாளர் நகீப் மஹ்பூஸ் யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்டார் என்று எழுதியிருக்கிறார். பலரும் பகிர்வதால் சொல்கிறேன், அது சரியல்ல.

நின்றுபோனது அவருடைய காலை நடை. அகூஸா பகுதியில் இருந்த வீட்டிலிருந்து கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்து அலி பாபா காபிக்கடைக்கு நடந்து போய்ப் பேப்பர் படிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. கழுத்தில் பட்ட குத்தால் வலது கை நரம்புகள் பாதிக்கப்பட்டு, எழுதுவதே பெரும்பாடாகிவிட்டது. ஆனால் மாலை அரட்டையை அவர் விடவே இல்லை. காவலர் துணையோடு, வாரத்தில் பல மாலைகள் கெய்ரோவின் ஹோட்டல்களிலும் நைல் படகு உணவகத்திலும் நண்பர்கள் கூடினார்கள். காது மந்தமாகிவிட்டதால் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். அவரோ சிரித்துக்கொண்டே பதிலுக்கு ஒரு ஜோக் விடுவார். மனிதர் கெட்டிக்காரர்!

சரிபார்ப்பது எளிது. இந்தச் சந்திப்புகளில் கலந்துகொண்ட எழுத்தாளர் கமால் அல் கீத்தானி, மஹ்பூஸோடு நடந்த உரையாடல்களைப் புத்தகமாகவே போட்டிருக்கிறார். ஆங்கில மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. அப்புறம், 2006 ஆகஸ்டில் மஹ்பூஸ் இறந்தபோது வந்த அஞ்சலிக் கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள்.