முட்டை போடுவதற்கு முன்னால் கேள்வியை ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள்

நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். நான் செய்த ஒரு தப்பிலிருந்துதான் இதை ஆரம்பிக்க வேண்டும். கழித்தலைத் தொடர்ந்து தப்பாகப் போட்டுவந்த ஒரு பையனை உட்காரவைத்து, அதே மாதிரி இருபது கணக்கு போடச் சொன்னேன். இருபதும் தப்பு. 'கவனமே இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பிவிட்டேன். அந்த நோட்டை ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார்த்திருந்தால், அவன் அந்த இருபதையும் எவ்வளவு கவனமாகப் போட்டிருந்தான் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

52-இலிருந்து 18 போனால் 46 என்று எழுதியிருந்தான். 2-இலிருந்து 8 போகாது, அதனால் 8-இலிருந்து 2-ஐ எடுத்து 6. அப்புறம் 5-இலிருந்து 1 போக 4. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான், அதை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். 52 என்றால் ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும் என்பது அவனுக்குப் புரியவே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு தனி எண்களாகத்தான் அதைப் பார்த்தான். குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஒரு கட்டை அவன் கையாலேயே பிரித்து உதிரிக் குச்சிகளோடு சேர்க்கவைத்தேன். பன்னிரண்டு உதிரியை எண்ணிவிட்டு நிமிர்ந்து பார்த்தானே, அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். இன்னும் இருபது கணக்கு போட்டிருந்தாலும் அது அவனுக்கு வந்திருக்காது. இரண்டு வகுப்புக்கு முன்னால் விட்டுப்போன ஒரு படியில் கொண்டுபோய் நிறுத்தியதால்தான் வந்தது.

அதற்குப் பிறகு, கணக்கில் முட்டை வாங்கும் எல்லாப் பிள்ளைகளையும் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: "கண்ணனிடம் 8 பென்சில்கள் உள்ளன. இது மாலாவிடம் உள்ளதைவிட 3 அதிகம். மாலாவிடம் எத்தனை பென்சில்கள் உள்ளன?" மூன்று பிள்ளைகள் இதைத் தப்பாகச் செய்தால் நோட்டில் மூன்று முட்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும். காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். முதலில் கேள்வியை நானே வாசித்துக் காட்டுவேன். கேட்ட உடனே ஐந்து என்று சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வருகிறது, எழுத்துதான் குறுக்கே நிற்கிறது. வாசித்த பிறகும் 11 என்றால், இரண்டு பிள்ளைகளைக் கண்ணனாகவும் மாலாவாகவும் நிற்கவைத்து, கையில் பென்சிலைக் கொடுத்து நடத்திக் காட்டுவேன். அப்போது பிடித்துக்கொண்டால் சிக்கல் மொழியில் இருக்கிறது, 'அதிகம்' என்ற சொல் காதில் விழுந்ததும் கூட்டிவிடுகிறார்கள். பென்சிலைக் கண்ணால் பார்த்தும் தடுமாறினால்தான் எண்ணைப் பற்றி யோசிக்கத் தொடங்குவேன். டிஸ்லெக்சியா (வாசிப்பதில் வரும் சிரமம்), டிஸ்கால்குலியா (எண்களைப் புரிந்துகொள்வதில் வரும் சிரமம்) என்று பெயர் வைப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை, அதை நான் செய்வதில்லை. சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று சிக்கல்கள் சேர்ந்தே இருக்கும். ஆனால் நாளைக் காலை எதைச் சொல்லித்தர வேண்டும் என்பதற்கு இந்தச் சில நிமிடங்கள் போதும்.

இதில் யார் கண்ணிலும் படாமல் போவது மொழிச் சிக்கல்தான். நன்றாகத்தான் பேசுகிறானே என்பார்கள். "எழுதுவதற்கு முன்னால் கோடு போடு" என்று சொல்லிப் பாருங்கள், முதலில் எழுதிவிட்டுப் பிறகு கோடு போடுவான். காதில் விழுந்த வரிசையிலேயே செய்கிறான், 'முன்னால்' என்ற சொல் அந்த வரிசையைத் திருப்பிப் போடுவது அவனுக்குப் பிடிபடுவதில்லை. நாம் அதைச் 'சொன்ன பேச்சு கேட்காதவன்' என்று எடுத்துக்கொள்கிறோம். இங்கிலாந்தில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், வேறு வெளிப்படையான காரணம் ஏதும் இல்லாமல் இப்படி மொழி வளர்ச்சியில் சிக்கல் உள்ள பிள்ளைகள் ஏறத்தாழ 7.5 சதவீதம் என்று கண்டார்கள். முப்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாசிப்புக்கு வருகிறேன். நமக்குப் பழகிப்போனதால் தமிழ் எழுத்து பிள்ளைகளிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. 'கே' என்று எழுதினால் கொம்பு முதலில் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கோ'வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. கல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே 'க'தான், ஆனால் வாய் மூன்று விதமாகச் சொல்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் இதைத் தாங்களாகவே பிடித்துக்கொள்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாக, சத்தமாகச் சொல்லி, விரலால் எழுதி, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அவர்களை எழுப்பி நிற்கவைத்து எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்வதால் ஒரு எழுத்துகூடக் கூடுதலாக வராது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். புத்திசாலி, கணக்கு நன்றாக வரும், வாசிக்க மட்டும் வரவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். இவ்வளவு காலம் ஆகியும் நம் வாயில் முதலில் வருவது 'சோம்பேறி' என்ற சொல்தான் என்பது எனக்குத் தாங்கவில்லை.

கேள்வியை வாசித்துக் காட்டுவது, கூடுதல் நேரம் தருவது எல்லாம் மற்ற பிள்ளைகளுக்கு அநியாயம் இல்லையா என்று கேட்கிறார்கள். எதைச் சோதிக்கிறோம் என்று பாருங்கள். வாசிப்புத் தேர்வில் வாசித்துக் காட்டினால் அது தேர்வே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அறிவியல் தேர்வில் சோதிப்பது அறிவியலைத்தானே? ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று வாயால் அழகாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அந்தச் சொல்லை எழுத்துக்கூட்ட முடியாததற்காக முட்டை போடுவதுதான் அநியாயம். இதைச் 'சலுகை' என்று சொல்வதே எனக்குப் பிடிக்கவில்லை.

1994-இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 நாட்டு அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, எல்லாப் பிள்ளைகளும் வழக்கமான பள்ளியிலேயே சேர்ந்து படிக்க வேண்டும் என்றார்கள். சேர்த்துக்கொள்கிறோம், சரி. சேர்த்து, கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் அது உள்ளடக்கிய கல்வியா? தனியாகச் சொல்லித்தர அழைத்துப்போவதும் பல இடங்களில் ஓவிய வகுப்பிலோ விளையாட்டு நேரத்திலோதான் நடக்கிறது. அந்தப் பிள்ளை நிமிர்ந்து நிற்கும் ஒரே இடம் அதுவாக இருக்கும், அதையும் பிடுங்கிவிடுகிறோம். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் ஒரே ஆசிரியரால் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி நியாயமானது. ஆள் வேண்டும், சிறப்பாசிரியர் வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் வகுப்பில் சிக்கிக்கொண்டு நிற்பவர்கள் அறுபது பேர் இல்லை, ஐந்தாறு பேர்தான். ஒரு நாளைக்கு ஒருவரோடு உட்கார்ந்தால் இரண்டு வாரம்கூட ஆகாது.

அந்தப் பையன் இன்னமும் மெதுவாகத்தான் கழிக்கிறான். பத்தைக் கடன் வாங்கும் இடம் வந்தால் நோட்டின் ஓரத்தில் பத்துச் சின்னக் கோடு போட்டு வட்டமிட்டு, பிறகுதான் மேலே போகிறான். ஓரத்தில் கிறுக்காதே என்று சொல்ல வந்த வேறொரு ஆசிரியரிடம், "இது என் கட்டு சார், பிரிக்கணும்" என்றான்.