பஸ் தரிப்பில் நின்ற நான்கு பெடியள்

அந்த வீடியோ எந்தக் குரூப்பில் வந்தது, யார் போட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. மெல்பேர்னில் எங்கட டண்டினோங் பகுதியில் அதைப் பார்க்காத தமிழர் இருக்க மாட்டார். இரவு எட்டு மணி, பஸ் தரிப்பு, நான்கு கறுப்புப் பெடியள். கீழே, “கவனம், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்.” அவர்கள் என்ன செய்தார்கள்? நின்றார்கள். ஒருவன் சிப்ஸ் தின்றான். பஸ் தரிப்பில் பஸ்ஸுக்கு நின்றார்கள், அவ்வளவுதான்.

அதில் சிவப்பு ஜக்கெட் போட்டவனை எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் நூலகத்தில் நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பெடியன். தென் சூடானில் பிறந்து, கென்யாவின் காக்குமா முகாமில் வளர்ந்தவன். ஒருநாள் ஏதோ படிவத்தில் பிறந்த திகதி ஜனவரி 1 என்று எழுதினான். அண்ணனுக்கும் அதுதான், தாய்க்கும் அதுதான். பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்குக் கடதாசியில் அப்படித்தான் போட்டுவிடுவார்கள். “ஒரே கேக் போதும், அங்கிள்” என்று சிரித்தான். வந்தபோது வயது பதினைந்து. வயதைப் பார்த்து நேரே ஒன்பதாம் வகுப்பில் இருத்திவிட்டார்கள். பின்னமே தெரியாதவனுக்கு அல்ஜீப்ரா. ஆனால் டிங்கா, அரபு, சுவாஹிலி, ஆங்கிலம் நாலும் கதைப்பான். எங்கட பிள்ளைகள் தமிழில்... சரி, அதை விடுவோம்.

“உன் வீடு உடைபட்டால் தெரியும்” என்று எழுதப் போகிறவர்களுக்கு: என் வீடும் உடைபட்டதுதான். கள்ளன் இன்றுவரை பிடிபடவில்லை. முகமே பார்க்காமல் அவன் நிறத்தைச் சொன்னவர்கள் எங்கட ஆட்கள். குற்றக் கணக்கில் சூடான் ஆட்களின் பங்கு சனத்தொகைப் பங்கைவிட அதிகமாம். உண்மைதான். அதற்காகப் பஸ்ஸுக்கு நிற்பதும் குற்றமா? 2018 ஜனவரியில் அப்போதைய அமைச்சர் பீட்டர் டட்டன், ஆப்பிரிக்கக் கும்பல்களால் மெல்பேர்ன் சனம் இரவில் சாப்பாட்டுக் கடைக்குப் போகவே பயப்படுகிறது என்றார். அந்த வாரமும் கொத்து ரொட்டிக்கு நான் அரை மணி நேரம் காத்து நின்றேன்.

சூடான் ஆட்களில் அநேகர் முகாமில் வருடக்கணக்காகக் காத்திருந்து, மனிதாபிமான விசாவில் விமானம் ஏறி வந்தவர்கள். வரிசை தாண்டி வந்தவர்கள் என்று திட்டு வாங்கியது யார்? 2009ல் கடலில் தங்களைக் காப்பாற்றிய ஓசியானிக் வைக்கிங் என்ற அவுஸ்திரேலியச் சுங்கக் கப்பலிலிருந்து இறங்க மாட்டோம் என்று இருந்த 78 பேர் எந்தச் சனம்? நானும் படகில் வந்தவன்தான். கிறிஸ்மஸ் தீவுத் தடுப்பு முகாமில் எனக்கும் ஒரு இலக்கம் இருந்தது. வெளியே வந்த புதிதில் ரயிலில் ஒரு பெண் என்னைக் கண்டதும் கைப்பையை மறுபக்கம் மாற்றிப் பிடித்தாள். அந்தக் கை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

2022 ஜூனில் பெருவுக்கு எதிராக பெனால்டி அடித்து அவுஸ்திரேலியாவை உலகக் கிண்ணத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவரான உதைபந்தாட்ட வீரர் அவேர் மாபில் (Awer Mabil) பிறந்ததும் இதே காக்குமாவில்தான். அன்று அவர் படத்தை “எங்கட பெடியன்” என்று குரூப்பில் போட்டது யார்? வீடியோ போட்ட அதே அண்ணைதான்.

அண்ணை, நீங்களும் படகில் வந்தவர். முந்தநாள் உங்களிடம் தனியாகக் கேட்டேன், அதை எடுத்துவிடுங்கள் என்று. பெருவிரல் படம் ஒன்று அனுப்பினீர்கள். இப்போதும் பார்த்தேன், வீடியோ அப்படியேதான் இருக்கிறது.