யாருக்கய்யா லட்ச ரூபாய் சம்பளம்?

டீக்கடை பெஞ்சில் உட்காரக்கூட இல்லை, பக்கத்து வீட்டு அண்ணன் ஆரம்பித்துவிட்டார். "என்ன வாத்தியாரே, லட்ச ரூபாய் வாங்கிக்கிட்டு மறுபடியும் போராட்டமா? டிவியில சொன்னான்." அவர் பையன் படிக்கும் மெட்ரிக் பள்ளியில் மிஸ்ஸுக்கு எட்டாயிரம்தானாம், அவர்கள் சொல்லித் தரவில்லையா என்று வேறு கேட்கிறார். எட்டாயிரத்துக்கு ஒரு பெண்ணை உறிஞ்சுவது பெருமையா அண்ணே?

நான் அரசுத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர். 2010-இல் சேர்ந்தவன். 2009 மே 31 வரை சேர்ந்தவர்களுக்கு அப்போது அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு 5,200. அதே படிப்பு, அதே ஒன்றாம் வகுப்பு, அதே சாக்பீஸ். ஒரே ராத்திரியில் 3,170 ரூபாய் காணாமல் போனது. இதற்காகத்தான் 2022 டிசம்பரிலும் 2023-இலும் எங்கள் ஆட்கள் பள்ளிக் கல்வித் துறையின் தலைமை அலுவலகமான சென்னை டிபிஐ வளாகத்தில் பட்டினி கிடந்து மயங்கி விழுந்தார்கள். இந்த 8,370 - 5,200 கணக்கை எந்த விவாத மேடையிலாவது பொறுமையாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோவின் வேலைநிறுத்தம் நடந்தபோதும் இதே கதைதான். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் மறுக்கப்பட்டது என்பது டிவி பேச்சில் கடைசி. பத்தாயிரத்துக்குத் தற்காலிக ஆசிரியர் வருகிறாரே, இவர்கள் எதற்கு என்பதுதான் முதல் கேள்வி.

சரி, சம்பளத்தை விடுங்கள். எனக்கு ஆறாத கோபம் வேறு.

போன வருடம் ஒரு சேனல்காரர் பள்ளிக்கு வந்தார். ஐந்து வகுப்புக்கு நாங்கள் இரண்டே பேர். தலைமையாசிரியர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்ததால் நான் மட்டும்தான். வந்தவர் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை எழுப்பி, கையில் செய்தித்தாளைக் கொடுத்து, "படி பாப்பா" என்றார். அவள் விரலை வைத்து, "ஊ... ரா... ட்..." என்று நின்றாள். கேமராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "சி" என்று முடித்தாள். சாயங்காலம் அந்த "ட்" வரைக்கும்தான் ஓடியது. கீழே "அரசுப் பள்ளியின் அவலம்" என்று எழுத்து.

அந்தப் பிள்ளையின் வீடு செங்கல் சூளையில். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம், வீட்டில் பேசுவது ஒடியா. எங்களிடம் சேர்ந்து நாலே மாதம். அவள் "ஊராட்சி" என்று படித்து முடித்தது எனக்குத் தீபாவளி. அதைக் கேட்க அந்த மனிதருக்கு நேரமில்லை. மறுநாள் அவள் வரவில்லை. நான் சூளைக்கே போய்க் கூட்டி வந்தேன்.

சங்கம் என்ன செய்தது? வாட்ஸ்அப் குழுவில் வீடியோவைப் போட்டேன். ஒரு கும்பிடு, இரண்டு அழுகை பொம்மை, அப்புறம் சந்தா பாக்கி அறிவிப்பு. இடைநிலைக்கு ஒரு சங்கம், பட்டதாரிக்கு ஒன்று, முதுகலைக்கு ஒன்று, தலைமையாசிரியருக்குத் தனியாக ஒன்று. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் பணிமூப்பை ஒன்றிய அளவிலிருந்து மாநில அளவுக்கு மாற்றிய அரசாணை 243 வந்தபோது பதவி உயர்வு யாருக்கு என்று நாமே நமக்குள் அடித்துக்கொண்டோம். மாதக்கணக்கில் பள்ளிப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆளுக்கு மெமோ வந்தால் மட்டும் நிர்வாகிகள் அலுவலக வாசலில் நிற்கிறார்கள். அந்த ஒரு ஆளைக் காட்டித்தான் சேனல்காரன் நம் எல்லோரையும் அடிக்கிறான். சங்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் என்னைப் போன்றவன் நாலு மாவட்டம் தாண்டித் தூக்கியடிக்கப்படுவான். ஆனால் ஒரு வகுப்பறைக்கு ஒரு ஆசிரியர் என்பதை ஒரு தடவையாவது முதல் கோரிக்கையாக எழுதக் கூடாதா? ஏழாவதாகவோ எட்டாவதாகவோதானே எப்போதும் வருகிறது.

இதையெல்லாம் அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். நேரமில்லை. கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப்பதிவு ஏற்றியாக வேண்டும். பள்ளியில் சிக்னல் கிடைப்பது பின்பக்க வேப்பமரத்தடியில் மட்டும்தான், அதுவும் மதில்மேல் ஏறி நின்றால். டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். "வாத்தியார் கோவிச்சுக்கிட்டாரு" என்று பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.